குலுக்கலுக்கு முந்தின நாள்

எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் மகளுக்கு,

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று தெரியும். ஆந்திரப் பக்கத்துப் பிச்சாட்டூர் பள்ளிக்கூடத்தில் உனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு திருப்பதியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்து மட்டும் உனக்கு ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்தான் வந்தது, நம் லாட்டரிக் கடையில், குலுக்கல் முடிவு அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு. 'மு' என்று காட்டினால் முதல் பரிசு என்பாய், 'ஆ' என்று காட்டினால் ஆறுதல் பரிசு என்பாய். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மா, ஆடு என்று படித்த எழுத்தை நீ பரிசு பரிசாகப் படித்தாய். போனில் பேசலாம்தான். பேசினால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்குதும்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒவ்வொரு வார்த்தையிலும் கொஞ்சம் நிற்பாய். அதற்காகத்தான் கையால் எழுதி, நம் நெட் சென்டர் மெஷினிலேயே ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். உன் அறையில் இருக்கிற பெண்களும் இதே விசா வரிசையில் நிற்கிறார்கள் என்றாயே, அவர்களுக்கும் படித்துக் காட்டு. எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எப்படி இருக்கிறது என்று நீயே பார். "அம்மா, இந்த மாசக் கடைசில விசா லாட்டரி. என் பேரு வந்துச்சுன்னா அத்தைகிட்ட வேணாம்னு சொல்லிடு. வரலன்னா சரின்னு சொல்லிடு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த உன் நைனா, "இன்னா சொல்றா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சளி புடிச்சிக்கினு இருக்குதாம்" என்று சொல்லி வைத்தேன்.

அத்தை கொண்டுவந்த சம்பந்தத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். பையனின் அப்பா அம்மா புத்தூர்ப் பக்கத்து மனிதர்கள், அவன் சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவன், அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது. அவனைக் கட்டினால் நீ அந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. கட்டாவிட்டால், படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை அனுமதி இந்த வருஷத்தோடு தீர்கிறது, விசாக் குலுக்கலில் இதுதான் உனக்குக் கடைசித் தடவை. இரண்டு தடவை உன் பெயர் வரவில்லை. உன் நிலைமை எனக்குப் புரிகிறது கண்ணு. ஆனால் நீ செய்திருக்கிற காரியம் என்ன தெரியுமா? ஒரு குலுக்கலில் விசாவைப் போட்டார்கள். நீ அதற்குள்ளேயே ஒரு பையனையும் சேர்த்துப் போட்டுவிட்டாய். விசாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. குலுக்கலைப் பற்றிச் சொல்லலாம். நான் அதில்தான் சாப்பிட்டேன், உன்னையும் அதில்தான் வளர்த்தேன்.

நம் பழைய கடை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குமோ. ஒரு மடக்கு மேசை, மேலே கயிறு கட்டி அதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட டிக்கெட்டுகள், பக்கத்தில் எஸ்டிடி பூத். அப்போதுதான் நாடெங்கும் போன் பூத்து முளைத்த காலம். எங்கோ வடகிழக்கில், நாங்கள் படத்தில்கூடப் பார்க்காத மலை ஊரில், எண் எழுதின சக்கரங்களைச் சுழற்றிக் குலுக்குவார்கள். பக்கத்தில் பெரிய மனிதர்கள் சாட்சிக்கு உட்கார்ந்திருப்பார்கள் என்பார் எங்களுக்கு டிக்கெட் தருகிற ஏஜென்ட். ஒவ்வொரு சக்கரமும் ஒரு எண்ணைக் காட்டி நிற்கும். அது போனில் வந்து, எஸ்டிடி பூத்துக்காரர் கத்தி, ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே நம்பரை வேறு வேறு எழுத்து போட்டு, சீரிஸ் சீரிஸாக அச்சடிப்பார்கள். எழுத்தும் நம்பரும் இரண்டும் பொருந்தினால் முதல் பரிசு. நம்பர் பொருந்தி எழுத்து தப்பினால் ஆறுதல் பரிசு. கடைசி இலக்கம் மட்டும் பொருந்தினால் இன்னொரு டிக்கெட் வாங்குகிற அளவுக்கு ஏதோ வரும், அதை அவர்கள் நம்மிடமே கொடுத்து இன்னொரு டிக்கெட் வாங்குவார்கள்.

வாங்குகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று விற்கிற எங்களுக்குத் தெரியும். ஜனங்கள் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்குதான் பரிசாகத் திரும்பும். மீதியில் அச்சுக்கூலி, ஏஜென்ட், அரசாங்கம், கடைசியில் நான். ஒருவனே எல்லா டிக்கெட்டையும் வாங்கினால் எல்லாப் பரிசும் அவனுக்குத்தான் விழும், அப்போதும் அவன் நஷ்டத்தில்தான் வீட்டுக்குப் போவான். உலகத்தில் எந்த ஊரில் நடத்தினாலும் கணக்கு இதுதான் என்று நீதான் பிறகு எனக்குச் சொன்னாய். உங்கள் ஊரில் நம்பரை அவரவரே எழுதிக்கொடுப்பார்களாம். யாருக்கும் விழாவிட்டால் பணம் அடுத்த குலுக்கலில் போய்ச் சேருமாம், பலருக்கு விழுந்தால் பங்கு போடுவார்களாம். எல்லாரும் பிறந்த தேதியையே எழுதுவதால், அந்தத் தேதி நம்பர்கள் விழுந்தால் பங்குக்காரர்கள் அதிகமாகிவிடுவார்களாம். ஸ்பெயின் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்பரைப் பாட்டாகவே பாடுவதை நீ வீடியோ அனுப்பினாயே, அதை நம் கடைக்கு வருகிற எல்லாரிடமும் காட்டினேன். அங்கே ஊரே சேர்ந்து ஒரே நம்பரை வாங்குமாம். விழுந்தால் ஊருக்கே விழும், விழாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

உன் விசாக் குலுக்கல் எப்படி என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்பெனிக்காரர்கள் உன் பெயரைப் பதிவு செய்கிறார்கள். கம்ப்யூட்டர் எடுக்கிறது. அங்கேயே பெரிய படிப்பு படித்தவர்களுக்கு விட்டுப்போனால் இன்னொரு தரம் எடுக்கிறது. உன் மார்க்கு, ராத்திரி பகலாக நீ செய்த வேலை, உன் மேனேஜர் உன்னைப் புகழ்ந்தது, எதையும் அது பார்க்காது. ஆனால் இரண்டு தடவை பெயர் வராதபோது நீ பேசின பேச்சைக் கேட்டால், யாரோ உன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு ஃபெயில் போட்ட மாதிரி இருந்தது. டிக்கெட் விழாதவன் என் மேசை முன்னால் வந்து "எனக்கு மட்டும் ஏம்மா விழல?" என்று கேட்பான். என்ன சொல்வேன்? சக்கரத்துக்கு உன்னைத் தெரியாதுப்பா என்பேன்.

உனக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொடுத்த முனிரத்தினத்தை நினைத்துப் பார். பஸ் ஸ்டாண்டு எதிரில் தையல் கடை வைத்திருந்தவர், நம் கடையில் தவறாமல் டிக்கெட் வாங்குவார். ஒருநாள் முதல் பரிசு நம்பர் அப்படியே அவர் டிக்கெட்டில் இருந்தது, எழுத்து மட்டும் வேறு. ஆறுதல் பரிசு வந்தது. அதில் ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கினார். புதுசு, மோட்டார் வைத்தது, அந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை. ஊரே வந்து பார்த்தது. அவர் மட்டும் அதைப் பார்த்து ஒருநாளும் சிரிக்கவில்லை. யாராவது "மெஷின் நல்லா இருக்குதுபா" என்றால், "இது இன்னா மெஷினு? அந்த எழுத்து மட்டும் வந்திருந்தா நான் மில்லே வச்சிருப்பேன்" என்பார். நூல் அறுந்தால் காலால் ஒரு உதை. ஊசி முறிந்தால் "ஆறுதல் மெஷினுதானே, இப்டித்தான் இருக்கும்" என்று திட்டு. அது பாவம் வருஷக்கணக்கில் தைத்தது. உன் பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் அதில் தைத்ததுதான், ஒரு தையல் பிரிந்ததில்லை. அவர் வேறு எங்காவது கைக்காசு போட்டு அதே மெஷினை ஆசையாக வாங்கியிருந்தால் தினமும் மஞ்சள் குங்குமம் வைத்திருப்பார்.

அந்தப் புத்தூர்ப் பையன் உன்னோடு இரண்டு மூன்று தரம் வீடியோவில் பேசினான் என்றாய். எனக்கும் அத்தை போட்டோ காட்டினாள், ஏதோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவனுக்குத் தெரியுமா, மார்ச் மாசக் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் உன் பெயரை எடுத்தால் அவன் வேண்டாதவன், எடுக்காவிட்டால் அவன் புருஷன் என்று? நீ சொல்லியிருக்க மாட்டாய். சொல்லக் கூசும். எந்தக் காரியத்தைச் சொல்லக் கூசுகிறதோ அதைச் செய்யாதே. நாளைக்கு அவன் சட்டையை மடிக்காமல் போட்டால்கூட, அன்று அந்தப் பெயர் வந்திருந்தால் என்று உனக்குத் தோன்றும். அவன் நல்லவனாக இருந்தாலும் தோன்றும். அவன் அம்மா அவனைப் பெற்று வளர்த்தது யாருக்கோ ஆறுதல் பரிசாகக் கொடுப்பதற்கு இல்லை. நீயும் அப்படி வாழ்வதற்குப் பிறக்கவில்லை.

உடனே "நீங்க மட்டும் என்ன, பூ போட்டுப் பாத்துத்தானே கட்டிக்கினீங்க?" என்று கேட்பாய். கேள். அந்தக் கதையை உன் அத்தை அவளுக்கு வேண்டிய மாதிரி சொல்லியிருப்பாள், நான் நடந்தபடி சொல்கிறேன். உன் நைனா வீட்டில் என்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கட்டலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் சிவப்பு. எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பிவிட்டார். உன் அத்தை விடுவாளா? அப்போதே அவள் அப்படித்தான். "அது எப்டி ஒரு தரத்துல முடிப்பீங்க? மூணு தரம் போடணும், எங்க ஊர்ல மூணு தரம்தான்" என்று நின்றாள். இரண்டாம் தரம் வெள்ளை. மூன்றாம் தரமும் வெள்ளை. "பாத்தீங்களா, அம்மனே சொல்லிடுச்சு" என்றாள். முதல் தரமே வெள்ளை வந்திருந்தால் அவள் மூன்று தரம் கேட்டிருப்பாளா சொல்? நம் ஜனங்கள் சாமியிடம் கேட்பது போல நின்று, தாங்கள் நினைத்தது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். முதல் பொட்டலத்தில் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டது என்று சொல்லி முந்தானையால் துடைத்தேன். உன் நைனாவை ஒரே ஒருதரம்தான் பார்த்திருந்தேன், தம்ளரில் காப்பி கொடுத்தபோது "சூடா இருக்குது, பாத்து புடிச்சிக்க" என்று எனக்கே சொன்ன மனிதர். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆசைப்பட்டுவிட்டேன் என்று சிவப்புப் பூவைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதனால் நான் பூவைக் கட்டிக்கொள்ளவில்லை. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். உனக்கு அந்தப் பையன்மேல் அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சரி என்று சொல், விசா வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று சொல், நான் நாளைக்கே அத்தை வீட்டுக்குப் பழம் பூவோடு போகிறேன்.

இன்னொன்று கேள், இதுதான் முக்கியம். விற்காத டிக்கெட்டைக் குலுக்கலுக்கு முன்னால் ஏஜென்ட்டிடம் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு நேரம் உண்டு, மத்தியானத்துக்குள். அந்த நேரம் தாண்டினால் விற்காததெல்லாம் நம் தலையில். ஒரு தீபாவளி பம்பருக்கு நல்ல மழை. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்துக்கு மேலே ஆறு போனது, திருவள்ளூர்ப் பக்கத்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. டிக்கெட் கட்டுக்கட்டாகக் கயிற்றிலேயே தொங்கியது. "கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடு" என்றேன். உன் நைனா அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டு நின்றார். "இத்தினி நாளு இப்டி நின்னதே இல்லியே. இது நம்மகிட்ட நிக்கறதுக்கு இன்னாவோ காரணம் இருக்குது" என்றார். சக்கரத்துக்கு யாரையும் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்று நானும் அவரை மறுபடி போகச் சொல்லவில்லை. மழையும், நின்றுபோன பஸ்ஸும், திறந்த அணையும் எல்லாம் சேர்ந்து நமக்காகத்தான் என்று எனக்கும் தோன்றிவிட்டது. வாங்குகிறவனுக்கு வருகிற பைத்தியம் விற்கிறவனுக்கு வந்தால் இப்படித்தான் வரும். நேரம் தாண்டியது. சாயங்காலம் பூத்துக்காரர் நம்பரைக் கத்தினார். ஒவ்வொரு டிக்கெட்டாகத் தாளோடு வைத்துப் பார்த்தோம். கடைசி இலக்கம்கூட ஒழுங்காக வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு உனக்குப் புதுத்துணி இல்லை. நீ கேட்கவே இல்லை, போன வருஷத்துப் பாவாடையை நீயே எடுத்துப் போட்டுக்கொண்டு மத்தாப்பு கொளுத்தினாய். உன் நைனா உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "டிக்கெட்டு எங்க நம்மள புடிச்சிக்கினு நின்னுது? நாமதான் அத புடிச்சிக்கினு நின்னோம்." பிறகு ஒருநாளும் அவர் திருப்பிக் கொடுக்கிற நேரத்தைத் தாண்டவிட்டதில்லை. தமிழ்நாட்டில் லாட்டரியையே தடை செய்ததும் மேசையை மடக்கி, திருப்பதிக்கு வந்து இந்த நெட் சென்டர் வைக்கிற வரைக்கும்.

இங்கே வந்தும் குலுக்கல் என்னை விட்டபாடில்லை. மலைமேல் சேவைக்கு கம்ப்யூட்டர் குலுக்கலில்தானே பெயர் எடுக்கிறார்கள். சித்தூர், பலமனேர், குப்பம் என்று எங்கிருந்தோ வந்து என் கடையில் பெயர் பதிவு செய்துவிட்டுப் போவார்கள், பிறகு போனில் "அம்மா, டிப்புலோ மா பேரு வச்சிந்தா?" என்று, குலுக்கலில் அவர்கள் பெயர் வந்ததா என்று தெலுங்கில் கேட்பார்கள். வரவில்லை என்றால் "சாமி எங்களக் கூப்பிடல" என்று முகத்தைத் தொங்கப்போடுவார்கள். கம்ப்யூட்டர்தான் கூப்பிடவில்லை, சாமி மேலேதான் இருக்கிறார், பொது வரிசையில் போங்கள் என்பேன். போவார்கள். கால் வலிக்க நின்று, பார்த்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் கடைக்கு வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். உன் பெயர் வராவிட்டால் நீயும் அப்படி வேறு வரிசையில் நில். இங்கே வா. பெங்களூரு இருக்கிறது, சென்னை இருக்கிறது, உன் அறை அப்படியே இருக்கிறது, உன் நைனா அதில் பேப்பர் பண்டல் அடுக்கிவைத்திருக்கிறார், எடுக்கச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்று தெருவில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும், நம் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். நான் பயப்படுவது அதற்கில்லை. இந்த வருஷம் ஒரு விசாவுக்காக நீ எடுக்கிற முடிவை, விசாவெல்லாம் மறந்துபோன பிறகும் நீ தினமும் காலையில் எழுந்து பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தையிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போன் செய்கிறாள், "இன்னா முடிவு பண்ணீங்க, வேணும்னா பூ போட்டுப் பாத்துடலாமா?" என்கிறாள். உன் பதில் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். அது வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம். அதில் விசா என்ற வார்த்தை மட்டும் இருக்கக் கூடாது. வேண்டாம் என்றால் அந்தப் பையனிடம் நீயே மரியாதையாகச் சொல்லிவிடு, அவனும் வேறு பெண் பார்க்கட்டும். திருப்பிக் கொடுக்கிற நேரம் இன்னும் தாண்டவில்லை கண்ணு.

குலுக்கல் முடிவு வந்த பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். சந்தோஷமாக இருந்தாலும் எடுப்பேன், அழுவதற்கு என்றால் நடுராத்திரியிலும் எடுத்து நீ முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதற்கு நீ என்னை முந்தின நாளே கூப்பிட வேண்டும்.

உன் அம்மா